திங்கட்கிழமை டெல்லி

யாராவது டெல்லிக்குக் கிளம்புகிறீர்களா? சனிக்கிழமை ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மட்டும் ஏறாதீர்கள். வயிறு எரிந்து சொல்கிறேன்.

நான் கணக்கு போட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை ஆபீஸை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் ஏறினால் ஞாயிறு முழுக்க ரயிலிலேயே கழிந்துவிடும். திங்கள் விடிந்தால் டெல்லி. ஒரு நாள் லீவு மிச்சம்! கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர், அம்மா, மனைவி, இரண்டு வாண்டுகள், புளியோதரை டப்பா சகிதம் போய் இறங்கினோம்.

பகாட்கஞ்சில் லாட்ஜ். பன்னிரண்டு மணிக்குத்தான் ரூமாம், இப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை தனியாம். இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவன் முகத்தைப் பார்த்துமா கேட்கத் தோன்றுகிறது? சரி, பெட்டிகளை வரவேற்பில் போட்டுவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினோம்.

அம்மாவுக்கு ஒரே ஆசை, செங்கோட்டை. வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 காலையில் டிவி முன்னால் உட்கார்ந்து கொடியேற்றுவதைப் பார்க்கிறவர். ஆட்டோக்காரரிடம் "லால் கிலா" என்றேன். "பைட்டியே, பைட்டியே" என்று அத்தனை மரியாதையாக ஏற்றிக்கொண்டார். மீட்டரைப் பற்றிப் பேசவே விடவில்லை. (எங்கள் ஊர் ஆட்டோக்காரர்களை நான் திட்டியதையெல்லாம் இதோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.) லாகூர் வாசலுக்கு எதிரே இறக்கிவிட்டு, காசை எண்ணி பைக்குள் வைத்துக்கொண்ட பிறகு, சாவகாசமாகச் சொல்கிறார்: "ஆஜ் தோ பந்த் ஹை."

இன்றைக்கு மூடியிருக்கிறதாம்! ஏறும்போது இந்த மனுஷனுக்குத் தெரியாதா? தினமும் அந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு? தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே வெளிச்சமாகிவிட்டது. "மாதாஜி, பக்கத்தில் ஒரு எம்போரியம், பத்து நிமிஷம் பாருங்கள், வாங்க வேண்டாம்." ஆக, கோட்டை மூடியிருப்பதில்தான் அவருக்குக் கமிஷன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியிலிருந்தே கோட்டைச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போகட்டும் என்று லால் கிலா மெட்ரோவில் ஏறினோம். அதே வயலட் லைனில் நேராகப் போனால் கால்காஜி மந்திர், அங்கிருந்து தாமரைக் கோயில் பக்கம்தான். போனோம். 27 இதழ்களும் வெயிலில் பளபளவென்று நின்றன. கேட் மூடியிருந்தது. திங்கட்கிழமை!

அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து போனைத் தட்டினேன். அக்ஷர்தாம்? திங்கள் விடுமுறை. தேசிய அருங்காட்சியகம்? திங்கள். சின்னவன் சென்னையிலிருந்தே நச்சரித்துக்கொண்டு வந்த ரயில் மியூசியம்? அதுவும் திங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சமாளித்தவர்களுக்கு ஓய்வு வேண்டாமா என்றால், வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஊரே பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளிலா கதவைச் சாத்த வேண்டும்? ஒன்று செவ்வாய், ஒன்று புதன் என்று பிரித்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்? எங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குத் திங்களைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்று சொல்ல வருகிறவர்கள் வரிசையில் நிற்கவும். முதல் இடத்தை என் மனைவி பிடித்துவிட்டாள்.

ஒருவழியாக ஹுமாயூன் கல்லறை எல்லா நாளும் திறந்திருக்கும் என்று தெரிந்து அங்கே போனோம். நல்ல இடம், குறை சொல்லக்கூடாது. ஆனால் மத்தியான வெயில், அம்மாவின் முழங்கால், மேடைக்கு ஏறும் உயரப் படிகள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று கீழே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஆக முதல் நாளில் அம்மா பார்த்தது ஒரு கோட்டையின் சுவர், ஒரு கோயிலின் கேட், ஒரு வேப்பமரம்.

ராத்திரி லாட்ஜில் மிச்ச நாட்களின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆக்ரா, வெள்ளிக்கிழமை. டிக்கெட் போடும்போதே, ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரஸ் அன்றைக்கு ஓடாது என்று காட்டியது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? 'அதனால் என்ன' என்று வேறு ரயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.