மீசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். காலையில் 1981-இல் வந்த ‘தில்லு முல்லு’. மதியம் சாப்பிட்டுவிட்டு, அதே பெயரில் 2013-இல் வந்த படம். துணைக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். மனைவி “எனக்கு ஒன்று போதும்” என்று காலைப் படத்தோடு எழுந்துபோய்விட்டார். அவர் எப்போதுமே என்னைவிட விவரமானவர்.

காலைப் படத்துக்கு மகள் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். நான் எத்தனையாவது முறையாகச் சிரித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மதியப் படத்தில் அரை மணி நேரத்துக்குள் அவள் கைக்குக் கைப்பேசி வந்துவிட்டது. நான் அதட்டவில்லை. என் கையிலும் ஒன்று இருந்தது.

“பழசு என்றால் உனக்கு எல்லாமே உசத்தி” என்று பின்னூட்டம் எழுதக் கை துடிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1981 படமே இன்னொன்றின் மறு ஆக்கம்தான். ரிஷிகேஷ் முகர்ஜி 1979-இல் இந்தியில் எடுத்த ‘கோல்மால்’ படத்தை இரண்டே ஆண்டுகளில் பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார். விசு வசனம் எழுதினார். அதாவது ஒரு நகலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இன்னொரு நகலைத் திட்டுகிறேன். இதில் உள்ள அநியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் யோசிக்கவே வேண்டியிருந்தது: முதல் நகல் ஏன் நின்றது, இரண்டாவது ஏன் நிற்கவில்லை?

கதை எல்லோருக்கும் தெரியும். மீசை இல்லாதவன் ஒழுக்கமில்லாதவன் என்று நம்பும் ஒரு முதலாளி. விளையாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. வேலை வேண்டும் என்பதற்காக அவருக்கு ஏற்றபடி வேடம் கட்டிக்கொண்டு போய் நிற்கிறான் ஒருவன். வேலை கிடைக்கிறது. பிறகு பொய் சொல்லிவிட்டுக் கால்பந்து பார்க்கப் போய் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். அது நானில்லை, மீசையில்லாத என் தம்பி என்கிறான். அப்புறம் அந்தத் தம்பியையும் அவனே சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்தியில் அந்த வேடத்தைச் செய்தவர் அமோல் பாலேகர். பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பார். அவர் மீசையை எடுத்தால் எடுத்ததுதான். ஊரில் யாரும் பதறப் போவதில்லை. தமிழில் மீசையை எடுத்தவர் யார்? 1980-இல் ‘பில்லா’வும் ‘முரட்டுக்காளை’யும் நடித்து முடித்திருந்த ரஜினிகாந்த். அந்த மனிதரை முழு நீள நகைச்சுவைப் படத்துக்குக் கூட்டிவந்து, பாதிப் படத்துக்கு மீசையும் இல்லாமல் நிறுத்தினார் பாலசந்தர். முதலாளி வேடத்தில் தேங்காய் சீனிவாசன் “மீசை மீசை” என்று உருகும்போது திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அதே நம்பிக்கையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் என்றால் மீசை வேண்டும். முதலாளியைக் கேலி செய்கிற சாக்கில் இயக்குநர் நம்மையும் சேர்த்துக் கேலி செய்துவிட்டார். இந்தி மூலத்தில் இந்த அடுக்கு கிடையாது, இருக்கவும் முடியாது.

இப்போது அந்த நேர்காணல் காட்சிக்கு வருகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. “அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்” என்று முழுப் பெயரையும் ரஜினி ஒப்பிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பணிவு முழுக்க முழுக்க நடிப்பு. அந்தப் பணிவுக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது: இது எடுபட்டதா, இன்னும் கொஞ்சம் குனிய வேண்டுமா? என் மேசைக்கு எதிரே அந்த முகத்தை வாரத்துக்கு நான்கைந்து முறை பார்க்கிறேன். கோப்பினை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். தொண்டை வறண்டிருப்பது எனக்குக் கேட்கும்.

அந்தச் சந்திரனுக்கு அப்பா அம்மா கிடையாது. ஒரு தங்கை இருக்கிறாள். வேலை போனால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. படம் இதை எங்கேயும் அழுது காட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பொய்யும் அந்தப் பயத்திலிருந்துதான் பிறக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே பாலசந்தர் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ எடுத்திருந்தார். டெல்லியில் வேலை கிடைக்காமல் பட்டினி கிடக்கும் பட்டதாரிகளின் கதை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதத்துக்காகக் காத்திருந்த தலைமுறை அது. என் சித்தப்பா ஒருவர் காத்திருந்தபடியே வயது வரம்பைத் தாண்டிவிட்டார். 1980-இல் எந்தப் பயத்தைக் காட்டி அழவைத்தாரோ, 1981-இல் அதே பயத்தைக் காட்டிச் சிரிக்கவைத்தார்.

2013-க்கு வருவோம். இயக்கியவர் பத்ரி, நடித்தவர் சிவா. தேங்காய் சீனிவாசன் இடத்தில் பிரகாஷ்ராஜ், சௌகார் ஜானகி இடத்தில் கோவை சரளா. எம்.எஸ். விஸ்வநாதனும் யுவன் சங்கர் ராஜாவும் சேர்ந்து இசை. சோடை போன கூட்டணி என்று யாரும் சொல்ல முடியாது. சிவா எனக்குப் பிடித்த நடிகர். ‘தமிழ்ப்படம்’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எதற்கும் அசராமல், எதையும் சட்டை செய்யாமல் நிற்பதுதான் சிவாவின் நகைச்சுவை. உலகமே இடிந்து விழுந்தாலும் “அப்படியா?” என்று கேட்கிற முகம். அந்த முகத்துக்கு மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எப்படி வரும்? பயமில்லாதவன் சொல்லும் பொய்யில் ஒரு சுவையும் இல்லை. மாட்டினால் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவான் என்று நமக்குத் தெரிகிறது. கூடவே, அண்ணன் தம்பி வித்தியாசம் மீசையிலிருந்து பூனைக்கண்ணுக்கு மாறிவிட்டது. மீசைக்குப் பின்னால் ஒரு சமூகமே முறுக்கிக்கொண்டு நின்றது. பூனைக்கண்ணுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கடைதான் இருக்கிறது.

சௌகார் ஜானகியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பல படங்களில் நம்மைக் கண்ணீர் விடவைத்த அம்மையார், இல்லாத அம்மாவாக நடிக்க வந்து, முதலாளி வாசல் வழியாக வருவதற்குள் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து, மூச்சு வாங்கியபடியே சாந்த சொரூபியாக மாறுவார். எல்லாமே அந்த மூச்சில்தான் இருக்கிறது. கோவை சரளா பெரிய திறமைசாலி. ஆனால் அவர் வந்தாலே நாம் சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். ஜானகி சிரிக்கவைப்பார் என்று அன்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? ‘எதிர்நீச்சல்’ பட்டு மாமியை மறக்காதவர்கள் வேண்டுமானால் எதிர்பார்த்திருக்கலாம்.

‘காசேதான் கடவுளடா’வுக்கும் இதே கதிதான். சித்ராலயா கோபு தன் மேடை நாடகத்தை 1972-இல் ஏவிஎம்முக்காகப் படமாக்கினார். மெட்ராஸ் பாஷை பேசும் அப்பாசாமி, தேங்காய் சீனிவாசன் உருவத்தில் காவி கட்டிச் சாமியாராக வந்து இறங்கியபோது அது ஒரு துணிச்சல். 2023-இல் ஆர். கண்ணன் அதைத் திரும்ப எடுத்தபோது யோகி பாபு சாமியாரானார். போலிச் சாமியார்களைச் செய்தித் தொலைக்காட்சியில் நேரலையிலேயே பார்த்துச் சலித்த ஊரில், காவி வேட்டி ஒன்றே சிரிப்பைக் கொண்டுவந்துவிடுமா? மனோரமா செய்த சித்தி வேடத்துக்கு ஊர்வசி இருந்தும் கரையேறவில்லை என்றால் குறை நடிகர்களிடம் இல்லை.

சரியாக வந்த மறு ஆக்கங்களும் இருக்கின்றன. ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை வேறு எவராலும் தொட முடியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஸ்ரீதரே அதை 1966-இல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் நாற்காலியில் நெளிவார். பாலையாவின் அந்த உடம்பு நடுக்கத்துக்கு ஈடில்லை என்பேன். ஆனால் மெஹ்மூத் நாகேஷை நகலெடுக்காமல் தன் வழியில் போனார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணக்கார அப்பாவின் காசில் படமெடுக்கத் துடிக்கும் பிள்ளை, அன்றைக்குச் சென்னையிலும் உண்டு, பம்பாயிலும் உண்டு.

சித்திக்-லாலின் ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ மலையாளத்தில் 1989-இல் வந்தது. தொலைபேசி விவரப் புத்தகத்தில் இரண்டு எண்கள் இடம் மாறி அச்சாகிவிட்டதால் வரும் வினை. மறு ஆண்டே பாசில் அதைத் தமிழில் ‘அரங்கேற்ற வேளை’ ஆக்கினார். 2000-இல் பிரியதர்ஷன் இந்தியில் ‘ஹேரா பேரி’ எடுத்தார். மூன்றுமே ஓடின. மூன்று ஊரிலும் வேலையில்லாத ஆண்களும், வாடகை பாக்கியும், தவறான எண்ணுக்கு வரும் அழைப்புகளும் இருந்தன. இன்றைக்கு இதை எடுப்பவர் தொலைபேசி விவரப் புத்தகத்துக்கு எங்கே போவார்?

‘அவ்வை சண்முகி’ வேறு வகை. அமெரிக்காவில் 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தில் பிள்ளைகளைப் பிரிந்த தகப்பன் கிழவி வேடம் போட்டு வேலைக்கு வருகிறான். அதைக் கமலும் கே.எஸ். ரவிகுமாரும் கிரேசி மோகனும் 1996-இல் மடிசார் மாமியாக்கினார்கள். பிராமண வீட்டில் பிறப்பை மறைத்துச் சமைக்க வரும் நாசரின் பாத்திரம் மூலத்தில் கிடையாது. யார் சமைத்தால் யார் சாப்பிடுவார்கள் என்ற நம் ஊர்ப் பயத்தைக் கண்டுபிடித்து உள்ளே வைத்தார்கள். பெயரையும் கமலின் குருவான அவ்வை டி.கே. சண்முகத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதைய மறு ஆக்கங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு, அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பரிதாபம்தான். மூலப் படம் கண்ணை விட்டு மறைவதே இல்லை. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற தொலைக்காட்சிகள் பழைய காட்சிகளைத் துண்டு துண்டாக ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. வசனம் மொத்தமும் நமக்கு மனப்பாடம். புது நடிகர் வாயைத் திறப்பதற்குள் நாம் மனதுக்குள் பழைய குரலில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அப்படியானால் ‘தில்லு முல்லு’வை இனித் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம் என்பேன். வேலைக்காகப் பொய் சொல்லும் மனிதன் எங்கேயும் போய்விடவில்லை. என் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இல்லாத நிறுவனத்தில் இரண்டு ஆண்டு அனுபவம், அதற்கு ஒரு முத்திரை, சரிபார்க்க அழைத்தால் எடுத்துப் பேச ஒரு நண்பன். அன்று கால்பந்து மைதானத்தில் முதலாளி நேரில் பார்க்க வேண்டியிருந்தது. இன்று யாரோ ஒருவர் எடுக்கும் படத்தில் பின்வரிசையில் தலை தெரிந்தாலே போதும்.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு பையன் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை. அவன் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது என்பது எனக்குத் தெரியும். போன ஐபிஎல் சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செய்தி அனுப்பினான்: பாட்டி தவறிவிட்டார், இரண்டு நாள் விடுப்பு வேண்டும். கொடுத்துவிட்டேன். அன்று இரவு எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவர் சேப்பாக்கம் மைதானத்தில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போட்டிருந்தார். அவருக்கு இரண்டு வரிசை பின்னால், முகம் முழுக்க மஞ்சள் சாயத்தோடு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான் நம் பையன்.

வியாழக்கிழமை காலை என் அறைக்கு வந்தான். நல்ல கருகருவென்ற மீசை வைத்திருந்தவன். இப்போது அந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“காரியத்துக்கு எடுக்கச் சொன்னார்கள் சார்” என்றான்.

பாட்டிக்காகப் பேரன் மீசை எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவன் பக்கத்தில் உண்டா என்று நான் கேட்கவில்லை. வயது என்ன என்று மட்டும் கேட்டேன். “எண்பத்திரண்டு சார்” என்றபோது குரல் நடுங்கியது. விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான். இடது காதுமடலுக்குப் பின்னால் மஞ்சள் சாயம் இன்னும் சரியாகப் போகவில்லை.