திரும்பத் திரும்பச் சொன்னா ஒட்டிக்குமா?
தலைவர் தன்னோட தொலைநோக்கை திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தா டீம் தானா அதை ஏத்துக்கும்னு ஒரு கட்டுரைல படிச்சேன், என் அனுபவத்துல அப்படி நடக்கல. பழைய ஆபீஸ்ல எங்க மேனேஜர் ரெண்டு வருஷம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் அதே அஞ்சு வருஷ தொலைநோக்கு ஸ்லைடை போடுவாரு, நாங்க மைக்கை மியூட் பண்ணிட்டு பெண்டிங் மெயில் பாத்துட்டு இருப்போம், ஏன்னா அப்ரைசல்ல கேக்கறது அந்த மாசம் எத்தனை டிக்கெட், அதாவது வந்த வேலைக் கோரிக்கை, முடிச்சேங்கறது மட்டும்தான். அவருக்கு அப்புறம் வந்த மேடம் ஸ்லைடே போடல, எங்களை ரெண்டு ரெண்டு பேரா கஸ்டமர் கால்ல உக்கார வெச்சாங்க. ஒரு பெரியவர் எங்க ஃபார்மை நிரப்ப முடியாம மூணு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு, கடைசில "விடுங்க தம்பி"ன்னு வெச்சுட்டாரு, அன்னைக்கு சாயங்காலமே நாங்களா உக்காந்து அந்த ஃபார்மை பாதியா வெட்டினோம், யாரும் சொல்லல. அந்தக் கட்டுரைக்கு கமெண்ட்ல ஒரு நண்பர் அமெரிக்க அதிபர் கென்னடியோட நிலாப் பயணத் திட்டத்தை உதாரணம் காட்டியிருக்காரு, சரிதான், ஆனா 1961ல அவரு அந்த பத்தாண்டு முடியறதுக்குள்ள ஆளை இறக்கி பத்திரமா திருப்பிக் கொண்டுவரணும்னு கெடு வெச்சாரு, அதுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்கிட்ட காசும் கேட்டாரு. எங்க பழைய மேனேஜர் சொன்னது "துறையில முதலிடம்", எந்த துறைல சார்னு ஒருத்தன் கேட்டதுக்கு இன்னிவரைக்கும் பதில் வரல.