192 கிலோஹெர்ட்ஸ் நண்பருக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பாட்டுக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "பாட்டு ஓகே. இந்த இன்டர்ஃபேஸில் 192 கிலோஹெர்ட்ஸ் வராதே, அதான் ஒலி மங்கல்" என்று நண்பர் தீர்ப்பு எழுத, அதற்கு 40 லைக். இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி. நண்பர் கேட்கும் 192, அது ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளந்து பதியும் வேகம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஒலி மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் இன்டர்ஃபேஸ் இல்லை, அறை. திரும்பவும் சொல்கிறேன், அறை.

மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். என் வயதில் அதுவும் கிடையாது. அளக்கும் வேகத்தில் பாதி வரையான ஒலி பிடிபடும் என்பதால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தாலே கிட்டத்தட்ட 22 வரை பிடிபட்டுவிடும். 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோதே தீர்ந்துபோன கணக்கு இது. 192இல் பதிந்தால் வௌவால்கள் ரசிக்கும், ஃபைல் 48இல் இருப்பதைவிட நான்கு மடங்கு வீங்கும். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பது என்பதுதான் பிட். 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்லதுதான். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்து வைத்து, உச்சத்தில் குரல் உடையுமோ என்ற பயமில்லாமல் பாடலாம். ஆனால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே வெறும் 16 பிட்டே 96 டெசிபல் இடைவெளி தரும். அமைதியான அறை என்று நாம் நினைப்பதிலேயே 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதன்மேல் 96ஐ ஏற்றினால் ஜெட் விமானம் கிளம்பும் சத்தம். பாடுவது நம் வீட்டு மனிதர்கள்தானே?

நானும் இந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தவன்தான். மைக்கை இரண்டு முறை மாற்றினேன், இன்டர்ஃபேஸை ஒரு முறை. குரல் அப்போதும் குளியலறையில் இருந்தே வந்தது. ஒரு நாள் எரிச்சலில் அறை நடுவே நின்று கையைத் தட்டினேன். தட்டல் முடிந்த பிறகும் கம்பி அதிர்வதுபோல 'ட்ர்ரிங்' என்று ஒரு வால் நீண்டது. எதிரெதிரே இருந்த இரண்டு வெற்றுச் சுவர்களும் சத்தத்தை வைத்துப் பந்து விளையாடிக்கொண்டிருந்தன. அன்றைக்குத் துணி அலமாரியைத் திறந்துவிட்டு, துணிக்கு முதுகு காட்டி நின்று பாடினேன். மைக் பார்ப்பது பாடுகிறவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும்தான். அப்புறம் இரண்டடித் தூரத்தில் இருந்த மைக்கை அரையடிக்குக் கொண்டுவந்தேன். குரல் மட்டும் 12 டெசிபல் ஏறியது, எதிரொலி இருந்த இடத்திலேயே நின்றது. கேட்டுவிட்டு அக்கா, "புது மைக்காடா?" என்றாள். அதே பழைய மைக்!

சுவரெல்லாம் ஒரு அங்குல ஸ்பான்ஜ் ஒட்டிவிட்டுப் படம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. தாழ்ந்த ஒலியான 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர். அந்த ஸ்பான்ஜ் இருப்பதே அதற்குத் தெரியாது. மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சிவிட்டு அடியில் கிடக்கும் சேற்றை அப்படியே விட்டுவிடும்.

"அப்போ பெரிய ஸ்டுடியோக்காரன் எல்லாம் முட்டாளா?" என்று வருவீர்கள். அவன் முதலில் கட்டியது அறையை ஐயா. சுவரையும் கூரையையும் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதற்குப் போனான். "பதிந்த ஒலியை மிக மெதுவாக ஓட்டி எஃபெக்ட் செய்ய 192 வேண்டாமா?" நியாயமான கேள்வி. நண்பர் அதைக் கேட்கவில்லை, அதனால் நானும் நகர்கிறேன். "அப்போ போனிலேயே பதிவு செய்யலாமே?" என்பவருக்குப் பதில் கிடையாது.

சரி, இத்தனை தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஏன் அப்படிப் பதிந்தேன்? பாடியது அக்கா. பதினோரு வருடம் கழித்துப் பாடினாள். அலமாரிப் பக்கம் நிற்க வைத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். அதனால் கூடத்தின் நடுவில் நின்றாள். கண்ணை மூடிப் பாடும்போது ஆடுவாள், அதனால் மைக்கை இரண்டடி தள்ளி வைத்தேன். எதிரொலி ஏறும் என்று தெரிந்தேதான் வைத்தேன். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் குரல் லேசாக நடுங்கும். மென்பொருளில் ட்யூன் செய்து சரிப்படுத்தியிருந்தால் ஒரு நிமிட வேலை, நான் தொடவில்லை. லைக் போட்ட 40 பேரில் ஒருவராவது அந்த இடத்தைக் கேட்டீர்களா?

அக்கா கேட்டாள், "நான் பாடினது சரியில்லையாடா?"

"உன்னை ஒண்ணும் சொல்லலை. இன்டர்ஃபேஸைத்தான் சொல்றாங்க."

"அப்படின்னா?"

மேஜை மேல் இருந்த பெட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு எப்போது பதியலாம் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.