பத்து நிமிஷம்தானே?

சனிக்கிழமை பல்கலைக்கழகப் பிள்ளைகளின் நாடகத்தை நடுவில் நிறுத்திப் பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் பார்த்தேன். நேற்றிரவு ஒருவர் (நண்பர்தான், இன்னும்) இன்பாக்ஸில் வந்து, "பத்து நிமிஷம்தானே நிப்பாட்டினவங்க, இதுக்கு ஏன் டீச்சர் இப்பிடிக் கொதிக்கிறீங்க?" என்று கேட்டார். சரி, அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

மண்டபம் எது, பிரதம விருந்தினர் யார், ஏற்பாட்டாளர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. ஊர் சின்னது. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு அந்த வீடியோ வந்திருக்கும். பொன்னாடை போர்த்துகிற இடத்தில் பின்னால் ஒரு பொடியன் கையில் வாளோடு சிலை மாதிரி நிற்பானே, அதேதான். நிறையப் பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருந்தீர்கள். அவன் உங்களைச் சிரிக்க வைக்க நிற்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடுக்காட்சியில் லைற்றைப் போட்டு மைக்கைப் பிடித்தால் நடிகன் என்ன செய்யவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிப்பிப்பதில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யார் கண்டது!

என்ன காட்சி அது? கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கதை. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்க வாளால் நிலத்தில் ஏழு இடத்தில் குத்த, ஏழு இடத்திலும் வெந்நீர் ஊறிய கதை. திருகோணமலைப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவர் போனால் அந்தியேட்டிக்கு நாமும் அங்கே போனவர்கள்தான். பிள்ளைகள் அதை அவ்வளவு அழகாக யோசித்திருந்தார்கள். மேடை முழுக்க இருட்டு. நடுவில் தாயின் உடல். ஒவ்வொரு வாள் குத்துக்கும் தரையில் ஒரு சின்ன லைற் மெல்ல எழும்பும். ஏழு கிணறு, ஏழு லைற். ஏழாவதில்தான் தாயின் முகம் தெரியவேண்டும். ஐந்தாவது குத்து விழுந்தது, ஐந்தாவது லைற் எழும்பத் தொடங்கியது. மண்டபத்து டியூப்லைற் எல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வரிசையாக எரிந்தன. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, எமது பிரதம விருந்தினர் இப்போது மண்டபத்துக்கு வருகை தந்துகொண்டிருக்கிறார்."

தாயாக நடித்த பிள்ளை எழும்பவில்லை. இதைக் கவனித்தீர்களா? கண்ணைத் திறக்கவேயில்லை. மாலை வந்தது, பொன்னாடை வந்தது, தட்டம் வந்தது, எல்லாம் அவளைத் தாண்டித் தாண்டித்தான் போயின. ஒருவர் சேலைத் தலைப்பில் கால் வைத்துவிட்டு "சொறி" என்றார், பிணத்திடம். அவள் அசையவில்லை. அப்புறம் பிரதம விருந்தினர் பேசினார். "இப்படியான கலைகளைப் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்வது நல்ல விஷயம், ஆனால் படிப்பையும் கவனிக்க வேண்டும்" என்றார்.

நாலாம் வருஷப் பிள்ளைகளிடம். நாடகமும் அரங்கியலும் சிறப்புப் பாடமாக எடுத்து, இறுதித் தயாரிப்பாகச் செய்ததை ஊருக்கும் காட்டுவோம் என்று கொண்டு வந்த பிள்ளைகளிடம். ஐயா, அவர்கள் படிப்பைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள்தான் வகுப்புக்குள் வந்து லைற்றைப் போட்டீர்கள்.

இன்னொன்று, அது பத்து நிமிஷம் இல்லை. 23 நிமிஷம். மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். நானும் மேடை முகாமையாளராக நின்றவள்.

சரி, பத்து நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். மனிசக் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் எடுக்கும். கரண்ட் போன இரவில் எல்லோரும் கண்டதுதான், முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு கதிரை தெரியும், பிறகு மூலையில் கிடக்கிற செருப்பும் தெரியும். அந்தப் பிள்ளைகள் முதல் காட்சியிலிருந்தே வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்பது நிமிஷமாக உங்கள் கண்ணைப் பழக்கி வைத்திருந்தார்கள், உங்களுக்கே தெரியாமல், அந்த ஏழு சின்ன லைற்றுக்காக. டியூப்லைற் எரிந்ததோடு எல்லாம் போச்சு. "விட்ட இடத்திலிருந்து தொடருங்கள் தம்பி" என்று மைக்கில் பெருந்தன்மையாகச் சொன்னார்களே, விட்ட இடம் எங்கே இருக்கிறது? ஐந்தாவது லைற் திரும்ப எரிந்தபோது பின்வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "லைற் காணாது" என்று ஒரு குரல் வேறு.

நாடகம் ஓடும்போது நிறுத்தக்கூடாது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. நெருப்புப் பிடித்தால் நிறுத்துங்கள், ஒருவர் மயங்கி விழுந்தால் நிறுத்துங்கள். ஆள் பிந்தி வந்தால் பின்னால் ஒரு கதிரை கொடுங்கள்.

"அவர் தூர இருந்து வந்தவர், பெரிய மனிசன், மரியாதை செய்யாமல் இருக்கலாமா" என்று கேட்பீர்கள். செய்யுங்கள், முடிந்த பிறகு செய்யுங்கள். பிள்ளைகளும் தூர இருந்துதான் வந்தார்கள். மட்டக்களப்பில் விடிய வெளிக்கிட்டு, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஒரு பஸ்ஸில் ஆளும் தட்டியும் மத்தளமும் லைற்றுமாக வந்தவர்கள். அவர்கள் ஒருவரும் பிந்தவில்லை.

"நாடகத்தில படிக்க என்ன இருக்கு?" இதுதான் அடுத்த கேள்வி. மாமாக்கள், பக்கத்து வீடு, கலியாணத் தரகர் எல்லோரும் என்னிடம் கேட்டு முடித்த கேள்வி. நான் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தபோது ஒரு மாமி சோதனையில் ஆடிக் காட்ட வேண்டுமா என்று கேட்டா. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகிறேன் என்றபோது, "கெம்பஸ் கிடைச்சிருக்கு என்று மட்டும் சொல்லு, என்ன பாடம் என்று சொல்லாத" என்று அம்மாவுக்கு அறிவுரை சொன்ன ஆட்கள் இருக்கிறார்கள். யாருடைய பெயர் அந்த நிறுவகத்துக்கு? திருகோணமலையில் பள்ளிக்கூடம் நடத்திய மனிசன், செகசிற்பியார் என்று சேக்ஸ்பியருக்குப் பெயர் வைத்து, நாடக இலக்கணத்துக்கென்றே மதங்க சூளாமணி எழுதியவர். துறவி. அவருக்கு நாடகம் பொழுதுபோக்காகத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது.

என்ன படிக்க இருக்கிறது என்று கேட்டால், சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் ஒன்றுக்கு 24 பெருவிரல். இரண்டு வாசல். மூன்று விதமான எழினி, அதாவது திரை. எல்லாவற்றுக்கும் மேலே, தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகிற மாதிரி விளக்கை வைக்கவேண்டும் என்று இருக்கிறது. நிழல் எங்கே விழும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் தலையைப் பிய்த்திருக்கிறார். நம்மூர் மண்டபத்தில் இன்றைக்கும் பிரதான லைற் ஒரு தூணுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இதைவிடச் சாதாரண விஷயமும் படித்தோம். ஆயிரம் வாட் பார்கேன் (மேடை லைற்) ஒன்று 230 வோல்ற்றில் நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் மூன்றைக் கொழுவினால் எல்லைக்கே வந்துவிடும், நாலாவதைக் கொழுவினால் கதை முடிந்தது. அப்பா வயர்மன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் வீட்டுப் பாடம். எந்த லைற் எப்போது எரியவேண்டும் என்று கியூ ஷீற் எழுதுவது, ஒப்பனை வியர்வையில் கரையாமல் பார்ப்பது, நாலு நாள் சண்டை பிடித்த இரண்டு நடிகர்களை அண்ணன் தங்கச்சியாக மேடையில் நிறுத்துவது எல்லாம் படிப்புத்தான். மானுக்குப் பயந்து வேலை செய்வதும் படிப்புத்தான். சிரிக்காதீர்கள். டச்பே கடற்கரையில் ஒத்திகை பார்த்தபோது, ஒரு இரவு முழுக்கக் கட்டிய இலை முடியைக் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று நின்ற நிலையில் சப்பித் தின்றுவிட்டுப் போனது. எங்கள் அரசன் அடுத்த நாள் மொட்டைத் தலையோடு கொலு வந்தான்.

இப்போது கூத்துக்காரர் வருவார்கள். "அந்தக் காலத்தில கூத்தாடினவங்க கெம்பஸ் போயா படிச்சவங்க?" இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என் அப்பப்பா தம்பலகாமத்தில் வயல் செய்தவர், கூத்துக்குச் சல்லரி (தாளம்) போட்டவர், படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் அவர் கூத்தைப் படிக்கவில்லை என்று யார் சொன்னது? கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் (அவரவர் பாகம்) கொடுத்தால் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக வேண்டும். தாளம் பிசகினால் பிரம்பு. சதங்கை கட்டுகிற நாள் வரைக்கும் காலில் ஒன்றும் ஏறாது, அதற்குப் பிறகுதான் களரி (ஆடுகளம்), அரங்கேற்றம். இது பாடத்திட்டம் இல்லாமல் என்ன? பரீட்சைத் தாள் இல்லை, அவ்வளவுதான். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் அந்த வடமோடிக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டு போய், விடிய விடிய ஆடினதைச் சுருக்கி, மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து போன மாணவன் மௌனகுரு, பின்னாளில் பேராசிரியர். பல்கலைக்கழகம் அன்றைக்குக் கூத்தைக் கையில் எடுத்திருக்காவிட்டால், இன்றைக்கு "எங்கள் பாரம்பரியக் கலை" என்று மேடையில் முழங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே வாயில் வந்திருக்காது.

"கூத்திலயும் இடையில சால்வை போர்க்கிறவங்கதானே?" இதையும் ஒருவர் எழுதியிருந்தார், மடக்கிவிட்டதாக நினைத்து. போர்ப்பார்கள். ஆடுகிறவனுக்கு. மருமகன் நல்லா ஆடுறான் என்று மாமன் போய்ப் போர்ப்பார். பார்க்க வந்தவருக்குக் களரிக்குள் நின்று சால்வை போர்த்த ஊர் எனக்குத் தெரியவில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். வேலையற்ற பட்டதாரிகளோடு வெயிலில் பதாகை பிடித்தும் நின்றேன். (எழுத்து தூரத்துக்குத் தெரியவேண்டும் என்று அந்தப் பதாகையையும் நான்தான் கீறினேன். நாடகம் படித்ததில் கிடைத்த முதல் வேலை.) இப்போது வரலாறும் குடியியலும் படிப்பிக்கிறேன், அந்தப் பள்ளிக்கூடத்தில் நாடகப் பாடம் இல்லை. ஆண்டு விழா வந்தால் மட்டும் "டீச்சர், நீங்க நாடகம் படிச்சனீங்கதானே, ஒரு பத்து நிமிஷத்துக்கு என்னவாவது போடுங்களேன்" என்பார்கள். திரும்பவும் பத்து நிமிஷம்! என் வாழ்க்கையில் இந்தப் பத்து நிமிஷம் விடாது போல.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. அந்தப் பெரியவரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அவருக்கு மேடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லியிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பாரோ என்னவோ. எனக்கு நோகிறது சபையால்தான். இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். லைற் எரிந்தபோது ஒருவராவது "போட வேண்டாம்" என்று கத்தினோமா? எழும்பி நின்று கைதட்டினோம். நானும் எழும்பினேன். முன்வரிசையில் எங்கள் பள்ளிக்கூட அதிபர் நின்றார், நானும் நின்றேன். இதை எழுதுகிறபோதுதான் மூன்று நாளாக எனக்கு என்ன செய்கிறது என்று விளங்குகிறது.

அப்பா என் இறுதித் தயாரிப்பைப் பார்க்க வந்தார். நாடகம் படிக்கப் போகிறேன் என்றதற்கு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்த மனிசன், பஸ் ஏறிக் கல்லடிக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார். முடிந்ததும் பின்பக்கம் வந்து, "நீ எங்க பிள்ள நின்ட? உன்னக் காணல்லையே" என்றார். நான் லைற் போட்டேன் அப்பா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. டிம்மருக்குப் போகிற வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் போட்டிருந்த வயர் இணைப்பைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த ரேப்பை எடுத்துத் திரும்பச் சுற்றிக் கட்டினார்.

சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மாதான் "பத்து நிமிஷம்தானே மகள், விடு" என்றா. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"அந்த மண்டபத்து போர்ட் எனக்குத் தெரியும், நான்தான் வயர் பண்ணினது. போன்ல ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருந்தா டியூப்லைற்றுக்குப் போற பியூஸக் கழட்டி விட்டிருப்பனே?"