மசாதாவில் பிழைத்த ஏழு பேர்

இஸ்ரேலில் இருக்கிற மலைக்கோட்டை மசாதா என்றதும் எல்லோரும் பேசுவது அங்கே செத்த 960 பேரைப் பற்றி. அந்த மலையிலிருந்து இறங்கி வந்த நாள் முதல் நான் நினைத்துக்கொண்டிருப்பது பிழைத்த ஏழு பேரைப் பற்றி. ஒரு கிழவி, இன்னொரு பெண், ஐந்து குழந்தைகள்.

புனித நாட்டுப் பயணம் போனபோது சாக்கடலுக்குப் போகும் வழியில் எங்களை அங்கே இறக்கிவிட்டார்கள். 400 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கிற மலை, உச்சி மட்டும் மேசை மாதிரி தட்டை. ஏரோது மன்னன் தனக்கு ஆபத்து வந்தால் ஒதுங்கிக்கொள்ள அங்கே அரண்மனை கட்டி, பாறையைக் குடைந்து தண்ணீர்த் தொட்டிகளும் வெட்டி வைத்தான். கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது சிகாரிகள் என்ற யூதக் கலகக் கூட்டம் கோட்டையைப் பிடித்தது. 70இல் எருசலேம் ஆலயம் எரிந்த பிறகும் அவர்கள் இறங்கவில்லை. ரோமத் தளபதி சில்வா மலையைச் சுற்றி மதில் எழுப்பி, மேற்கே மண்ணையும் கல்லையும் கொட்டிச் சரிவுப்பாதை போட்டு ஏறி வந்தான். அவனுடைய முகாம்களின் சதுரக் கோடுகள் மேலே நின்று பார்த்தால் இன்றைக்கும் தெரிகின்றன.

சுவர் உடைந்த இரவு, அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று தலைவன் எலெயாசார் பேசினான். ஆண்கள் தங்கள் மனைவி மக்களைக் கொன்றார்கள். சீட்டுப் போட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பத்துப் பேர் மற்றவர்களைக் கொன்றார்கள். கடைசியில் மிஞ்சியவன் தன்னையே குத்திக்கொண்டான்.

இதை எழுதி வைத்தவர் அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஒருவர்தான். அவர் அந்த இடத்திலேயே இல்லை. தண்ணீர் போகும் சுரங்க வழியில் ஒளிந்திருந்த பெண்கள் மறுநாள் வெளியே வந்து ரோமர்களிடம் சொன்னதாகத்தான் எழுதுகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 67இல் கலிலேயாவின் யோத்பாத் நகரம் ரோமர்களிடம் வீழ்ந்தபோது இதே ஜோசபஸ் ஒரு குகையில் கூட்டாளிகளோடு இருந்தார். அங்கேயும் சீட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் கொன்றார்கள். இவரும் இன்னொருவரும் மிஞ்சி, சரணடைந்தார்கள். அவர் எழுதிய எலெயாசாரின் நீண்ட பேச்சை அந்தக் குகையை மறந்துவிட்டு என்னால் படிக்க முடியவில்லை.

மசாதாவின் சுவர்களில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது தோண்டும்போது கிடைத்த பழைய சுவர், மேலே இருப்பது நம் காலத்தில் அடுக்கிக் கட்டியது. நேர்மையான வேலை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கதைக்கும் அப்படி ஒரு கோடு போட்டிருக்கலாம். 1963 முதல் 65 வரை அங்கே அகழாய்வு நடத்திய யிகேல் யாதின், பெயர் எழுதிய பதினோரு மண்பாண்டச் சில்லுகளைக் கண்டெடுத்தார். ஒன்றில் 'பென் யாயீர்', அதாவது யாயீரின் மகன். எலெயாசாரின் தகப்பன் பெயர் யாயீர். இவைதான் அந்தச் சீட்டுகளாக இருக்கும் என்றார். ஜோசபஸ் சொன்னது பத்து. எழுத்துள்ள சில்லுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மசாதாவில் ஒரு குகையில் கிடைத்த எலும்புகளுக்கு 1969இல் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. அந்தக் குவியலில், யூதர்கள் விலக்கி வைக்கிற பன்றியின் எலும்பும் இருந்தது.

யூத மரபு இந்தக் கோட்டையைப் பல நூற்றாண்டுகள் பெரிதாகப் பேசவே இல்லை. யூதர்களின் பழைய மறைநூல் தொகுப்பான தால்மூத்தில் மசாதா கிடையாது. அது சொல்வது, முற்றுகையிட்ட எருசலேமிலிருந்து சவப்பெட்டியில் படுத்து வெளியே வந்து, யாவ்னே ஊரில் மறைநூல் படிப்பை உயிரோடு வைத்த யூத குரு யோகனான் பென் சக்காயின் கதை. மசாதாவைத் தூக்கிப் பிடித்தது இருபதாம் நூற்றாண்டு. 1920களில் எபிரேயக் கவிஞர் லம்தானின் கவிதை 'மசாதா மீண்டும் வீழாது' என்றது. 1942இல் ஜெர்மன் தளபதி ரொம்மலின் படை எகிப்தை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தபோது, இளைஞர்களை அந்த மலைக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனி நாடும் ராணுவமும் வந்த பிறகு, கவசப்படை வீரர்களை அங்கே நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கவைத்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். இதே சிகாரிகள் பஸ்கா பண்டிகை நாளில் பக்கத்து ஊரான என்கேதியில் புகுந்து 700க்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாக அதே ஜோசபஸ்தான் எழுதுகிறார். அவர்களும் யூதர்கள். அவர்களுக்காக யார் அந்த மலையேறினார்கள்?

எங்கள் வழிகாட்டி எலெயாசாரின் பேச்சை உணர்ச்சியோடு சொன்னார். பிழைத்தவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம். சாவதா வேண்டாமா என்று அந்தக் குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவர்களுக்காக முடிவெடுத்தது அந்த இரண்டு பெண்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டால் எலெயாசார் என்ன பேசினான் என்று சொல்ல ஆளே இல்லை.

அப்புறம் தெற்குப் பக்கத்துப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் படியிறங்கிப் போனேன். அவர்கள் ஒளிந்தது இதில்தான் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே குளிர்ச்சி. சுவரில் பூசிய சாந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பையன் ஓவென்று கத்தினான், சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. அந்த இரவு முழுக்க ஐந்து குழந்தைகளையும் அழவிடாமல் அந்தக் கிழவி எப்படி வைத்திருந்தாளோ.