தாய்லாந்தில் 'காய்' கேட்டால் கோழி வரும்

சைவம் சாப்பிடுபவர்கள் பாங்காக்கில் பழமும் பிரெட்டும் சாப்பிட்டே நாளை ஓட்ட வேண்டும் என்று உங்கள் தாய்லாந்துப் பயணக் கட்டுரையில் இருந்தது. அவ்வளவு மோசமில்லை. ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இது தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாஸை ஊற்றித்தான் தருவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. பப்பாளி சாலட்டில் காய்ந்த இறாலும் இருக்கும், கவனம்.

அப்புறம், தாய்லாந்து மொழியில் கோழிக்குக் கிட்டத்தட்ட நம் 'காய்' என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் 'காய், காய்' என்று ஆசையாகக் கேட்டு, வந்த தட்டைப் பார்த்து நான் விழித்தது தனிக்கதை.

பால் பாக்கெட்டில் 2568 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது புத்த ஆண்டு, 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பாங்காக்கின் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலைக் கட்டுரையில் விட்டுவிட்டீர்களே! தமிழர்கள் கட்டியது, இன்று கும்பிட வருபவர்களில் தாய்லாந்துக்காரர்களும் நிறைய.