சிங்க முத்திரை இருந்தால் போதுமா?

"கவர்ன்மென்ட்டே சொல்லியிருக்கு பாரு" என்று அத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். சர்க்கரை நோய்க்கு ஏதோ கஷாயம். மேலே சிங்க முத்திரை. எனக்கு 2020 ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மாதம் 29ஆம் தேதி, இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்படுவதற்கு முந்தைய நாள், ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி போன்றவற்றைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. தடுப்புக்கு ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்து, வெறும் வயிற்றில், மூன்று நாள். போலி இல்லை, அசல் அரசு அறிவிப்பு. ஆனால் அந்த வைரஸின் மரபணு வரிசையே ஜனவரி 11 அன்றுதான் வெளியானது. பதினெட்டே நாளில் யாருக்குக் கொடுத்துப் பார்த்து, தடுக்கும் என்று முடிவு செய்தார்கள்? பிறகு எங்கள் அடுக்ககத்தில் வீடு வீடாக அந்த உருண்டைப் புட்டி வந்தது. அதைப் போட்ட தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றியவர்களை நான் பார்த்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதே ஆண்டுதான் தமிழக சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையையும் படித்தேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பத்தி: வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி, இறந்த தேதி, கூட இருந்த நோய். பெயர் இருக்காது. ஆனாலும் எங்கள் தெருவில் இறந்துபோன பெரியவரை அந்த வரிகளுக்குள் கண்டுபிடித்தேன். வயதும் தேதியும் சரியாக இருந்தன. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை.

விட்டுப்போன சாவுகளும் இருந்தன. சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஜூலை 22 அன்று 444 பேரைக் கணக்கில் சேர்த்தார்கள். "பாத்தியா, மறைச்சிருக்காங்க" என்றார்கள் பலர். விட்டது பெரிய தவறுதான். ஆனால் சரிபார்க்க இடம் கொடுத்த காகிதம் அது. தப்பென்று தெரிந்ததும் எண்ணைத் திருத்தி வெளியே சொன்ன காகிதம். அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை. (மொத்த நாட்டுக் கணக்கு வேறு கதை. 2020, 2021 இரண்டு ஆண்டும் சேர்த்து இந்தியாவில் கூடுதல் இறப்பு, அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் சாவுகளுக்கு மேல் நடந்தவை, சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே இரண்டு ஆண்டுக்கு நம் அரசின் கொரோனா சாவுக் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. மத்திய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவும் இல்லை.)

"அரசு சொன்னாலே பொய்" என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் தடுப்பூசி போடச் சொல்லும் அட்டையும் அரசு அச்சடித்ததுதான். அதன் பின்னால் பல நாடுகளின் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது.

அத்தைக்குப் போன் பண்ணினேன். "அந்தப் படத்துல எந்தத் துறை, என்ன தேதி, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பாத்தாங்கன்னு எங்கயாவது இருக்கா அத்தை?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார்.

"தேதிகூட இல்லடா" என்றார்.